முகமூடி வீரர் புடவை எடுக்க வந்த நாள்

அவர் டூப் போட மாட்டார் என்பதற்காக நான் ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். வாய்ச்சண்டைதான். கைச்சண்டைக்கு எனக்கு உடம்பு போதாது. அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், வருகிறவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டும் வேலை. பகல் முழுக்க அரக்கு, மாம்பழ மஞ்சள், முந்தி, ஜரிகை என்று வாய் ஓயாமல் பேசுவேன். கடை சாத்திய பிறகு எனக்குப் பேச இருந்த ஒரே விஷயம் அந்த நடிகர்தான்.

அவர் படத்துக்குக் கதை கேட்டுக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். பகலில் சாதுவான வைத்தியராக இருப்பார். எவனாவது ஒரு ஜமீன்தார் ஏழையின் நிலத்தைப் பிடுங்கினால், கறுப்பு முகமூடியும் கறுப்புப் போர்வையுமாகக் கோட்டை மதில்மேல் வந்து நிற்பார். அதே மூக்கு, அதே குரல். கண்ணை மட்டும் மறைத்துக்கொண்டால் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக்கூடவா தெரியாது என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அப்போது அப்படிக் கேட்டவனை நான் உதைக்கப் போயிருப்பேன்.

மற்ற வீரர்கள் வானத்தைப் பார்த்து வசனம் பேசிவிட்டுக் குதிப்பார்கள். இவர் குதிக்கும் முன் ஒரே ஒரு தடவை கீழே பார்ப்பார். பயம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதன் பார்க்கிற பார்வை. பிறகு குதிப்பார். சண்டை முடிந்ததும் எதிரியை விட்டுவிட்டு, அடிபட்ட கிழவனின் தலைப்பாகையைத் தேடி எடுத்து, தூசி தட்டிக் கொடுப்பார். எனக்கு அவர்மேல் பைத்தியம் பிடித்தது அந்த இரண்டாலும்தான்.

எங்கள் கடைக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாய் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவே மாட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு படம் விடாமல் என்னோடு வந்து பார்ப்பார்; வெளியே வந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"டூப்புதான்பா. முகமூடி இன்னாத்துக்குப் போட்டுக்கினு வராருன்னு நெனைக்கிற? உள்ள இருக்கிறது வேற ஆளு."

"உங்க கண்ணுலதான் பூ விழுந்திருக்குது பாய்" என்பேன். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். கூடவே அவர் மனைவி. தங்கை கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். அவர்கள் வரப்போவதைப் பற்றி முதலாளி எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நான் நினைத்திருந்ததைவிட ஒரு சாண் குட்டை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் கடையில் நாற்காலியே கிடையாது. கூடத்தில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். வருகிறவர்கள் அதில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நாங்கள் எதிரே உட்கார்ந்து விரிப்போம். முகூர்த்தப் புடவை மகாலட்சுமி, அதைக் கீழே விரித்துவிட்டு மேலே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பார்ப்பது பாவம் என்பது முதலாளியின் கொள்கை. பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் பேன்ட்டோடு திணறித் திணறித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி அசைந்து கொடுத்ததில்லை.

அவர் மனைவி உட்கார்ந்துவிட்டார். அவர் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்" என்றார் முதலாளி.

"பரவாயில்லீங்க. நிக்கிறேன்."

"நல்லா இருக்குதே! கோட்டை மேல இருந்து குதிக்கிறவரு, நம்ம மெத்தையில உக்காரக் கூடாதா?"

முதலாளி வேடிக்கையாகத்தான் சொன்னார். அவரும் சிரித்தார். இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு வலது முழங்காலை மடக்கினார். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை பொடித்தது. அவர் மனைவி புடவையைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தரையை ஒரு தடவை பார்த்தார். மதில்மேல் நின்று பார்ப்பாரே, அதே பார்வை. உயரம் இரண்டடிதான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. மேலே இருந்த புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"முதலாளி, இந்த ஜரிகை உள் வெளிச்சத்துல எடுபடாது. முற்றத்துல வெயில்ல காட்டுறேன். சார் நின்னுக்கினே பாக்கட்டும்."

முதலாளி என்னை முறைத்தார். ஆனால் மறுக்க முடியாது. நிறத்தில் சந்தேகம் என்றால் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது எங்கள் கடையில் வழக்கமானதுதான். அன்றைக்கு நான் ஒன்பது புடவையை என் உடம்பிலேயே போட்டுக் காட்டினேன். முந்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், இடுப்பில் கொசுவம் வைத்துக் காட்டினேன். கல்யாணப் பெண்ணேகூட அவ்வளவு திரும்பித் திரும்பி நின்றிருக்கமாட்டாள். கடைசியில் அரக்கில் பச்சைக் கரை போட்டது பிடித்துப்போயிற்று.

முதலாளி அதைப் பெட்டியில் வைக்க உள்ளே போனதும் அவர் மனைவி என் பக்கத்தில் வந்தார்.

"போன படத்துல குதிச்சப்போ முட்டி போயிடுச்சு தம்பி. வைத்தியம் நடக்குது. வெளியில யாருக்கும் தெரியாது. அடுத்த படத்துக்கு இன்னும் கையெழுத்து ஆகல. தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"நான் வாயத் திறக்க மாட்டேம்மா" என்றேன்.

நடிகர் என் தோளில் கிடந்த இன்னொரு புடவையின் கரையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "இதுவரைக்கும் எல்லாக் குதியும் நான்தான் தம்பி குதிச்சேன். ஒண்ணுகூட இன்னொருத்தர் குதிக்கல."

இத்தனை வருஷமாக நான் போட்ட சண்டைக்கு அவர் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதை வெளியே சொன்னால், இப்போது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். பாய் தோண்டித் துருவிக் கேட்கிற ஆசாமி.

வாசலில் தெருவே திரண்டிருந்தது. எங்கள் கடைக்கு ஐந்து படி, எல்லாம் உயரமான கல் படி. ஒரு கையில் புடவைப் பெட்டியோடு நான் அவரை ஒட்டி நின்றேன். அவர் என் தோளில் கையைப் போட்டார். கூட்டம் "ஓ" என்று கத்தியது. சிரித்த முகத்தோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவருடைய பாரம் முழுவதும் என் தோளில் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

அந்தத் தோளுக்கு ஆறு மாதம் மரியாதை நடந்தது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பாய் அன்றைக்கே ஓடி வந்தார்.

"கூட்டாளி மாதிரி தோள்மேல கை போட்டாரேப்பா! இன்னா சொன்னாரு? டூப்பைப் பத்திக் கேட்டியா?"

"கேக்கல பாய்."

"கேட்டிருப்ப. டூப்புதான்னு சொல்லியிருப்பாரு. அதான் மென்னு முழுங்குற."

என் தலைவரைப் பொய்யனாக்கிவிட்டுப் பாய் சிரிக்கிறார். ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடலாம். சொல்லவில்லை. அடுத்த படத்தில் தலைவர் இருக்கவேண்டும் என்ற ஆசை, நான் ஜெயிக்கவேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. அதற்காக என்னை நானே இன்றும் கொஞ்சம் மெச்சிக்கொள்வதுண்டு.

மறுவருஷம் படம் வந்தது. பாயும் நானும் மேட்னிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். முகமூடி மதில்மேல் வந்து நின்றதும் கொட்டகை அதிர்ந்தது. அந்த ஆள் கீழே பார்க்காமலே குதித்தான். அது அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுவாச்சும் அவருதானா?" என்றார் பாய்.

"அவரேதான் பாய்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் காட்சி. நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடியானவனின் குடிசைக்கு வைத்தியர் வருகிறார். சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. பாதிப் பேர் வேர்க்கடலை வாங்க எழுந்து போய்விட்டார்கள். குடியானவன் ஒரு கிழிந்த கோரைப்பாயைத் தட்டிப் போட்டு, "உக்காருங்க சாமி" என்கிறான். அவர் குடிசைக் கம்பத்தை இடது கையால் பிடித்தார். காமிரா அப்படியே நின்றது, வேறெங்கும் திரும்பவில்லை. வலது முழங்கால் மடங்கியது, பாதியில் நின்றது, பிறகு மேலும் மடங்கியது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே கூழுக்குக் கையை நீட்டினார்.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். இரண்டு விரலை வாயில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க விசிலடித்தேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமாப்பா நீ? கூழ் குடிக்கிறதுக்கு இன்னாத்துக்கு விசிலு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை விசிலடித்தேன்.