மூக்கின் மேல் சிவப்புத் தடம்

நன்றாகத் தூங்கி எழுந்தவர்களின் முகத்தைப் பார்த்து வயிறெரிவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். டிரெயினில் நின்றபடியே தூங்கி வழியும் சகபயணிகளே, உங்களுக்கு இது புரியும்.

எண்பதுகளின் கடைசியில் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றின் நெஞ்சுநோய்ப் பிரிவில் டெக்னீஷியன் வேலை. குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலெல்லாம் தூங்கி விழுகிறவர்களைச் சோதிக்க எங்களிடம் பெரிய வசதி கிடையாது. டாக்டர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு மிஷின் உண்டு. மூக்கில் மாஸ்க்கைக் கட்டினால் காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் கொடுப்போம். பகல் தூக்கம் போனால் வியாதி இதுதான் என்று எழுதுவோம். கொண்டுபோய்க் கட்டுவதும் பிடுங்கிக்கொண்டு வருவதும் என் பொறுப்பு.

பலகைக்கு அந்தப் பக்கம்

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த காதர் பாய்தான் முதல் ஆள். வாரம் கழித்துப் போனபோது, மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய சிவப்புத் தடமும் புது மாப்பிள்ளை முகமுமாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செம்பூரில் இறங்க வேண்டியவன். தினமும் தூங்கிப்போய், அப்போது கடைசி ஸ்டேஷனாக இருந்த மான்குர்டில் விழிப்பவன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவரிடம், குறட்டை எப்படி என்று விசாரித்தேன்.

"சத்தமே இல்லியேன்னு பயந்து பலகையத் தட்டுனேன். உள்ளருந்து ஏசுதாரு. நல்லாத்தான் இருக்காரு."

உப்பு

மாட்டுங்காவில் ஓர் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். சாப்பிடும்போதே தூங்குகிறவர், ஒரே வாரத்தில் தெளிந்துவிட்டார். மிஷினைத் தர மாட்டேன் என்று அடம் வேறு. கடைசியில் அவர் மனைவிதான் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"பன்னெண்டு வருஷமா எதைப் போட்டாலும் பேசாம சாப்ட்டார். இப்போ முழிச்சுண்டு உப்பு கம்மிங்கறார். எடுத்துண்டு போங்கோ."

மோட்டார் ரிப்பேர்

அடுத்தவர் ஆண்டாப் ஹில்லில் குடியிருந்த பஸ் டிரைவர். சிக்னலில் தூங்கியதற்கு மெமோ வாங்கியிருந்தார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். திங்கட்கிழமை அவருக்குத் தர வேண்டிய மிஷினைச் சனிக்கிழமையே என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஊருக்கெல்லாம் கட்டிவிடுகிறவன் ஒரு நாள் கட்டிக்கொண்டால் என்ன? மறுநாள், தினமும் காலையில் வரும் தலைவலியே இல்லாமல் எழுந்தேன். அதற்குப் பிறகு கொடுக்க மனசு வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் டிரெயினில் தூங்காமல் செம்பூரிலேயே இறங்கினேன்.

வியாழக்கிழமை டிரைவரே வந்துவிட்டார். மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். வெட்கமாகத்தான் இருந்தது. அப்போதும் அடுத்த வாரம் வாங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. எதிரே நின்ற டாக்டர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேரான மிஷின் மூக்குல தடம் போடாதுப்பா. இன்னிக்கே அதை அவருக்குக் கட்டு. அப்படியே உன் பேருக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதிடு, வியாதி இதுதான்னு."

டிரைவர் சிக்னலில் விழித்திருந்தார். மிஷினுக்கான வரிசையில் ஏழாவது ஆளான நான், அவரை நினைத்து வயிறெரிந்தபடியே தூங்கிப்போய், மறுபடியும் மான்குர்டில் இறங்கினேன்.