கொதிக்கும் முன்

என் கணவரை உட்காரவைத்துப் பேசியவர் யாருமில்லை. வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் இருப்பார். இவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே பதில் சொல்வார். குக்கரில் ஆவி அடங்கும்வரை பொறுக்கமாட்டார், கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிடுவார். பேருந்து நிற்பதற்குள் குதித்துவிடுவார். நான் நிறுத்தத்தில் இறங்கி நின்றால், பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று என்னைக் கேட்பார். தெருவிலிருந்த பல் டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் பம்பரம்.

அந்த மனிதருக்கு வாய்த்த தொழில் பல்செட் செய்வது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. தரையெல்லாம் பிளாஸ்டர் தூள், மேஜையில் மெழுகும் சிறு கத்திகளும், ஜன்னலோரம் பழுப்புப் புட்டிகள். புட்டியைத் திறந்தால் வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

செட்டின் இளஞ்சிவப்பு ஈறு, அந்தப் புட்டித் திரவமும் ஒரு பொடியும் கலந்து உண்டாவது. திரவத்தில் இருப்பவை மிகச் சிறிய மூலக்கூறுகள், ஒன்றோடொன்று ஒட்டுறவில்லாமல் அலைந்துகொண்டிருப்பவை. ஒவ்வொன்றும் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். பொடியோடு வரும் ஒரு பொருள், சூடு பட்டதும் உடைந்து, அவற்றில் ஒன்றின் கட்டை அவிழ்த்துவிடும். விடுபட்ட கை பக்கத்தில் இருப்பதைப் பற்றும். பற்றப்பட்டதும் கட்டை அவிழ்த்து அடுத்ததைப் பற்றும். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டபின் அது திரவமே அல்ல. வாயில் மாட்டிக்கொண்டு சோறு மெல்லக்கூடிய கெட்டிப் பொருள். நம் தசையும் தலைமுடியும்கூடச் சின்னத் துண்டுகள் கோத்த நீளச் சங்கிலிகள்தான், கோக்கும் விதம்தான் வேறு. கல்லூரி வேதியியலில் இதைப் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவள் நான். இதைச் சொன்னபோது அவர், "கையப் பிடிச்சா அப்புறம் விடாது. நம்ம வீட்டுக் கதைதான்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒவ்வொரு கை கோக்கும்போதும் கொஞ்சம் சூடு வெளிப்படும். பொடியும் திரவமும் கலந்த மாவைப் பித்தளைப் பெட்டிக்குள், பிளாஸ்டர் அச்சில் அழுத்தி அடைத்து, பெட்டியைத் தண்ணீரில் இறக்கிச் சூடாக்க வேண்டும். மாவின் தடித்த பகுதியில் அந்தக் கைகோக்கும் சூடு தேங்கும். வெளியே தண்ணீரும் கொதித்தால், இன்னும் கோத்துக்கொள்ளாத திரவம் உள்ளேயே ஆவியாகிக் குமிழ் விட்டுவிடும். அதனால் முதலில் நெடுநேரம் கொதிக்கவிடாமல் வைத்திருந்து, கடைசியில்தான் கொதிக்கவிட வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் கட்டுப்பட்டார். அந்த நேரமெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறுவார், இறங்குவார், யாரும் கேட்காமலே ஜெராக்ஸ் கடையின் காகிதக்கட்டுகளை அடுக்கிக் கொடுப்பார். ஸ்டவ்வின் திருகில் மட்டும் கை வைக்கமாட்டார்.

வைத்தது ஒரே ஒரு முறை. அது அவருடைய அக்காவின் செட்டுக்கு. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். மூன்று இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல். பற்கள் போனபின் அந்தக் குரல் உள்ளங்கைக்குப் பின்னால் போய்விட்டது. மகன் வெளியூரில் கல்யாணம் செய்துகொண்டான். மருமகளை அண்ணி போனில் மட்டுமே பார்த்திருந்தார். வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டுவார். "அத்தை, உங்க நெத்தி ரொம்ப அழகு" என்று அந்தப் பெண் ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றே அண்ணி தம்பியிடம் வந்துவிட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸு. பல்லோட போனா போறேன், இல்லேன்னா போகவே மாட்டேன். மருமக வீட்டு வாசல்ல வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"நிக்க வேணாம்கா, உள்ள போய் உக்காரு."

"உக்கார்றதப் பத்தி யாருடா பேசுறது!"

பல் இல்லாமல் பல வருடம் இருந்ததில் அவருடைய கீழ்த்தாடை எலும்பு தேய்ந்து இறங்கியிருந்தது. அதை ஈடுகட்ட ஈறு தடிமனாக வர வேண்டும். தடிமன் என்றால் இன்னும் நிதானமான சூடு. ஆனால் அண்ணியோ நாளெல்லாம் போன் செய்து, "ஆச்சாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, தண்ணி கொதிக்குதே?"

"அக்காதானே" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

சனிக்கிழமை மதியம் அண்ணி எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். சிரித்தார். என்னை அழைத்து, "ஏ காலேஜு, எப்படி இருக்கேன்?" என்றார். கை கீழேதான் இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பின் அந்தக் குரல் சமையலறைப் பாத்திரம்வரை அதிர்ந்தது. பை கட்டித் தயாராகக் கதவருகில் இருந்தது.

"ஓரத்துல கொஞ்சம் தேய்ச்சுத் தர்றேன், கழட்டு" என்று இவர் கீழ்செட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் நகரவில்லை. பின்பு நடக்க ஆரம்பித்தார். கூடம், சமையலறை, கூடம். நானும் வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. தடித்த இடத்தின் உள்ளே, சோடாவில் எழுவதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"அக்கா, இது வேணாம். திரும்பச் செய்யணும்."

"எது வேணாம்? கச்சிதமா இருக்குடா. குடு இங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"உள்ள குமிழ் விட்டிருக்கு. கை கோக்காத திரவம் மிச்சமிருந்தா ஈறு எரியும். பாதி சாப்பாட்டுல உடைஞ்சாலும் உடையும்."

"உடையட்டும். அவ என்னைய ஒருதரம் முழுசாப் பாத்துட்டா போதும். அப்புறம் உடையட்டும்."

இவர் செட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு கட்டைவிரலையும் செட்டின் நடுவே வைத்து அழுத்தினார். 'டக்'கென்று ஒடிந்தது. அவ்வளவு லேசாக ஒடியும் என்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார், முகம் வெளிறிவிட்டது.

"அடப்பாவி! உன் கையால செஞ்சத உன் கையாலயே ஒடிச்சிட்டியேடா!" கை மறுபடியும் வாய்க்குப் போய்விட்டது. கைக்குப் பின்னாலிருந்துதான் அழுதார். "ஊராருக்கெல்லாம் பொறுமையாச் செய்வே. எனக்கு மட்டும் அவசரமா?"

"ஆமாக்கா. நீதானேன்னு விட்டுட்டேன்."

மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மா இன்னிக்கு வரல, தப்பு என்னோடது" என்று அவரே சொன்னார். எங்களை அந்த மாடியறைக்குக் கூட்டிப்போய், அண்ணி வாயில் மறுபடியும் அச்சுக்கூழைத் திணித்து அளவெடுத்தார். அண்ணி கண்ணாலேயே திட்டினார். மெழுகில் பல்லை அடுக்கி, அச்செடுத்து, மாவைக் கலந்து, அது கிண்ணத்தில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை பார்த்திருந்து அடைத்தார். பெட்டியைத் தண்ணீரில் இறக்கியபின் வழக்கம்போலக் கதவுப்பக்கம் போனார். மாடிப்படியில் ஒரு காலை வைத்தார். திரும்பி வந்துவிட்டார்.

அறையில் இருந்த ஒரே முக்காலியில் அண்ணி. இவர் பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் ஒரு குமிழ் வந்தாலும் கை திருகுக்குப் போகும், குறைக்கும். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிப் போனது. எந்நேரம் அந்த முழங்கால் ஓய்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது மனிதர் அசையாமல் இருந்தார், பாத்திரத்தையே பார்த்தபடி. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"என்னடா, உசுரோட இருக்கியா?" என்றார் அண்ணி.

"பேசாத. கை கோத்துக்கிட்டு இருக்கு."

அண்ணி அந்தச் செட்டோடுதான் மருமகளைப் பார்க்கப் போனார். போன வேகத்தில் அவளை வாய்நிறையத் திட்டவும் ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

அது நடந்து ஆறு வருடம் இருக்கும். இவர் போய் மூன்று மாதம். அதே மாடிப்படி, இரண்டிரண்டாக ஏறும்போது, பாதியில்.

போன வாரம் அண்ணியை, இவருக்குப் பழக்கமான பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். தாடை இன்னும் இறங்கிவிட்டது, பேசும்போது கீழ்செட்டு தூக்கிக்கொள்கிறது. எல்லோருக்கும் ஆவதுதான், புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். அண்ணி செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டார். வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

"இது லூசா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்" என்றார், பொக்கை வாயோடு, கையை வைத்து மறைக்காமல். "என் தம்பி எதுக்காவது ஓரிடத்துல உக்காந்தத நீங்க பாத்திருக்கீங்களா? இதுக்கு உக்காந்தான்."