ஏழு நாளும் பதினொரு வீடியோவும்

என் மகளுக்கு நான்கு வயதானபோது வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்வாள், தட்டு பறக்கும். நான் கட்டட மேஸ்திரி. ஒரு சின்னப் பிள்ளையிடம் தோற்றுப்போனதை வெளியில் சொல்ல வெட்கம். அதனால் செக்காலை ரோட்டில் குழந்தைகள் ஆலோசகரைப் பார்க்கப் போனபோது, மனைவிக்குத் துணையாக வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆலோசகர் என்னைவிட இளைய பெண். "ஒரு வாரம் அவ அடம்பிடிக்கிறப்ப வீடியோ எடுத்துட்டு வாங்க சார்" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. தப்பு பிள்ளையிடம்தான் என்று சாட்சியோடு நிரூபிக்கலாம் அல்லவா! ஏழு நாளில் பதினொரு வீடியோ எடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். முதல் வீடியோவில் மகள் செருப்புப் போட மறுத்துச் சிணுங்குகிறாள். "சத்தம் போடாத!" என்று ஒரு குரல் அலறுகிறது. இரண்டாவதில் அதே குரல் "பொறுமையே கிடையாதா ஒனக்கு?" என்கிறது, கூடவே யாரோ டம்ளரை வீசும் சத்தம். அது நான்தான்.

"எல்லா வீடியோவும் ஏன் சார் பாதியிலேயே நின்னுபோகுது?"

"பிள்ளை போனைக் கேட்டு அழுதா. அதான் குடுத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்தன நாளா நானும் இதத்தானே சொல்றேன், நீங்க எங்க கேட்டீக?"

ஆலோசகர் சிரிக்கவில்லை. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, மெல்ல, ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும்; சொன்னதை மாற்றக் கூடாது; அழுது ஓயும்வரை பக்கத்திலேயே சும்மா இருக்க வேண்டும் என்றார். சும்மா இருப்பதைப்போல் கடினமான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை. முதல் நாள் போன் கேட்டு அரை மணி நேரம் அழுதவள், நடுவில் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்ப்பா கத்தல?"

தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அடம் அடியோடு போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. போன மாதம் கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணம். இரண்டாவது ஐஸ்கிரீம் இல்லை என்றதும் பந்தி நடுவே விழுந்து புரண்டாள். "முதுகுல ரெண்டு போடுங்க, சரியாப் போகும்" என்றார் ஒரு பெரியவர். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நான் வெள்ளை வேட்டியோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் என் இலையை எடுத்துவிட்டார்கள். அடுத்த பந்தியில் போய் உட்கார்ந்தேன்.