அலுப்பைத் துப்பறிந்த ராமுத்தாய்

"என் நிரையில இன்னொருத்தி கை பட்டுச்சுன்னா, அன்னைக்கு வத்தலக்குண்டுல சூரியன் மேக்க உதிக்கும்" என்று ராமுத்தாய் ஒருமுறை அறிவித்தார். சேவுகம்பட்டி மல்லிகைக் காட்டில், பத்துப் பெண்கள் முன்னிலையில், இடுப்பில் பூப்போடும் துணி மடியைக் கட்டிக்கொண்டே வெளியிட்ட பிரகடனம் அது.

பூ எடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி. தன் நிரையை முடித்தவள், பிந்தியவளின் நிரையில் எதிர்முனையிலிருந்து பறித்துவந்து, மொட்டை அவள் மடியிலேயே போட்டுவிடுவது அங்கே வழக்கம். கூடவே நாலு கேலியும் போடுவாள். இருபது வருடமாக ராமுத்தாய் போட்டவரே தவிர வாங்கியவர் இல்லை.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். அதைக்கூடச் சந்தைக்குப் போய்வருவது போல ஏற்றுக்கொண்டார். பிடிபடாதது அலுப்பு ஒன்றுதான். வலி என்றால் ஓர் இடம் இருக்கும். காய்ச்சல் என்றால் சூடு இருக்கும். இது என்ன ஜந்து? கண்டுபிடித்தே தீருவதென்று ராமுத்தாய் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஒருநாள் ஒன்பது மணி நேரம் தூங்கிப் பார்த்தார். படுக்கும்போது இருந்த அலுப்பு, எழும்போது குளித்து முழுகிப் புதிதாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள் முழுக்கச் சும்மா இருந்தார், இன்னும் கூடியது. ஓய்வுக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பது அவரது முதல் முடிவு.

அடுத்து நிபுணர் கருத்து. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில், ஓய்வுபெற்ற கண்டக்டர் நூர் அகமது.

"அண்ணே, ஒங்களுக்கு அலுப்பு எங்கிட்டிருந்து ஆரம்பிக்குது? காலுலயா, தலையிலயா?"

"ஆரம்பிச்சாத்தானம்மா சொல்றதுக்கு! வண்டி டிப்போவுலயே நிக்குது. நான் மட்டும் விசில் ஊதிக்கிட்டிருக்கேன்."

இம்புட்டுத் தெளிவாக எந்த டாக்டரும் சொன்னதில்லை என்று ராமுத்தாய்க்குப் பரம திருப்தி.

பக்கத்து நிரைக்காரி நாகஜோதிக்குத்தான் நம்பிக்கையில்லை. "கவருமெண்டே ரத்தத்தச் சலிச்சுக் குடுக்குது, இன்னும் என்ன மதினி அலுப்பு?"

காட்டுக்காரர் தங்கமுத்துவுக்கோ ஆராய்ச்சியில் நாட்டமே கிடையாது. காலை ஏழு மணிக்குப் பூ வண்டி வரும். அதற்குள் எடுக்காத மொட்டு செடியிலேயே வெடித்து வீணாகிவிடும். போன வாரம் இரண்டு முறை ராமுத்தாயின் நிரை பாதியில் நின்றது. கைகொடுக்க வந்தவர்களையும் அவரே விரட்டியிருந்தார்.

"இன்னொருக்க நின்னுச்சுன்னா நிரைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காத தாயி" என்றார் தங்கமுத்து.

புதன்கிழமை. டயாலிசிஸுக்கு மறுநாள். பாதி நிரையில் ராமுத்தாயின் கை நின்றது. வலிக்கவில்லை. மொட்டு இங்கே, விரல் இங்கே. நடுவில் பழனிக்கு நடக்கிற தூரம். அவர் அதைச் சற்று ஆர்வத்தோடே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்முனையில் நாகஜோதி வந்து நின்றாள். செடியைத் தொடவில்லை.

"மதினி, வண்டி வந்துரும். வையாதீக."

ராமுத்தாய் அவளைப் பார்த்தார். மிச்சமிருந்த செடிகளைப் பார்த்தார். மெல்ல வரப்பில் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து விரித்துவைத்தார்.

"அடிக்கொப்ப விட்டுறாதடி. நீ எப்பவும் மேலாப்புலயே பாத்துட்டுப் போயிருவ."