முந்தியதின் பெயரில்

என் வேலை என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ‘மொபைல் சம்பந்தமா’ என்று ஒருமுறை வாய்விட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து திரை உடைந்த போன், சார்ஜ் ஏறாத போன், ஓடையில் விழுந்த போன் எல்லாம் எங்கள் வாசலுக்கு வருகின்றன. எனக்குப் போனைப் பிரிக்கத் தெரியாது என்றால், “இம்புட்டுப் படிச்சு இதுகூடத் தெரியலயா?” என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

போனுக்குள் ஓடும் மென்பொருளைத் துண்டு துண்டாக எழுதுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். அதை எந்தப் பெயரில், எந்தக் கோப்புகளிலிருந்து, என்னென்ன நிபந்தனைகளோடு கட்டி முடிக்க வேண்டும் என்று மேக்ஃபைல் என்கிற கோப்பில் வரி வரியாக எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில், அப்பா விட்டுப்போன இரண்டறை வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்கிறேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான்.

மேக்ஃபைலில் பெயருக்கு ஒரு வேரியபிள், கோப்புகளுக்கு ஒன்று, நிபந்தனைகளுக்கு ஒன்று என்று இருக்கும். டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், எல்லா மாட்யூல்களுக்கும் அதே டப்பாக்கள்தான். அதனால் ஒன்று முடிந்து அடுத்ததைத் தொடங்கும் முன்னால் ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் முந்தியது வைத்துப் போனது அப்படியே கிடக்கும். இது யாருடையது என்று கணினி கேட்காது. கிடப்பதை எடுத்து அடுத்ததன் தலையில் வைத்துவிடும்.

போன ஆனி மாதம் அந்த வரியை நானே வெட்டி எறிந்தேன்.

ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்பார்கள். கீழே அடுப்பு எரியும். இரும்புக் குழாய் வழியாகச் சூடு அறைக்குள் சுற்றி வரும். அந்தச் சூட்டைப் போனில் காட்ட எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அதில் முதலில் ஒரு சோதனை மாட்யூல் இருந்தது. கருவி எதுவும் மாட்டாமலே ஐம்பத்திரண்டு டிகிரி என்று பொய்யாகக் காட்டும் நிபந்தனை அதற்கு. உண்மையான கருவியைப் படிக்கும் மாட்யூல் அதற்கு அடுத்தது. சோதனை முடிந்துவிட்டது, முதலாவது இனி வேண்டாம் என்று நான்கு வரிகளை ஒரே வெட்டாக வெட்டினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்காகத்தான் சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது.

மென்பொருளைப் போனில் ஏற்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து எஸ்டேட்டின் பழைய ஸ்டோரில் சோதித்துப் பார்க்கப் போனேன். காய் எடுப்பு இன்னும் தொடங்கவில்லை. கடைசியாக அடுப்பு மூட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. காலை பதினொரு மணி. ஆனால் பத்தடி தூரத்தில் இருந்த மரம் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் பழைய ஏலக்காய் மணமும் எலிப் புழுக்கை நாற்றமும் கலந்து அடித்தது. சுவர் சில்லென்று வியர்த்திருந்தது. போனில் ஐம்பத்திரண்டு என்று காட்டியது.

குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டு. அடுத்த அறைக்குப் போனேன். அங்கே கருவியே மாட்டவில்லை. அங்கேயும் ஐம்பத்திரண்டு. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் காலடியில் அடுப்பு எரிகிற மாதிரியும், யாரோ விறகு தள்ளிக்கொண்டிருக்கிற மாதிரியும் தோன்றியது. பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கதவைப் பூட்டக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்து, பிறகு மறுபடி போய்ப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பில்ட் லாகைத் திறந்து பார்த்தேன். கட்டி முடித்த மாட்யூல்களின் பெயர்கள் வரிசையாக அதில் இருக்கும். என் புது மாட்யூலின் பெயர் எங்கேயும் இல்லை. நான் ஒழித்துக்கட்டிய சோதனை மாட்யூலின் பெயர் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. நான் வெட்டிய நான்கு வரிகள் இவை: முதலாவதைக் கட்டி முடி என்ற வரி, ஒரு வெற்று வரி, எல்லாவற்றையும் அழி என்ற வரி, இரண்டாவதன் பெயர். ஆக முதலாவது கட்டப்படவே இல்லை. ஆனால் அதன் பெயரும் நிபந்தனையும் டப்பாக்களில் கிடந்தன. தனக்கென்று நிபந்தனை எதுவும் இல்லாத இரண்டாவது, தன் கோப்புகளோடு வந்து அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு, அதன் பொய்யைச் சொல்லிக்கொண்டு உயிரோடு எழுந்துவிட்டது. முதலாவதும் கட்டப்பட்டிருந்தால் ஒரே பெயரில் இரண்டு என்று பிழை காட்டி நின்றிருக்கும். முதலாவது இல்லாததால் எந்தப் பிழையும் வரவில்லை.

கம்பெனியில் மூன்று மாதம் வெளிநாடு போக வேண்டியிருக்கும் என்று சொன்னது அதே வாரத்தில்தான். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இருந்த தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. புதுசாக ஒன்று எடுக்கலாம் என்று பதிவேட்டை ஆன்லைனில் தேடினேன். அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் குழந்தை என்று கொடுத்தேன்.

இரண்டு வரிகள் வந்தன. முதலாவதில் என் பெயர், என் பிறந்த தேதி. இரண்டாவதில் அதே அப்பா, அதே அம்மா, அதே எஸ்டேட் ஆஸ்பத்திரி. தேதி மட்டும் இருபத்தொரு மாதம் தள்ளி. பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.

எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த ரெண்டாவதுதான்யா நீ.”

“அப்ப மொதல்ல இருக்கது?”

“பெரியவன். ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிட்டான். நீ அப்ப வயித்துல ஆறு மாசம்.”

அந்தச் சாவை எங்கேயும் பதியவில்லை. அப்பாவுக்கு அதை எழுதிக் கொடுக்க மனசு வரவில்லையாம். எஸ்டேட் சுடுகாட்டில் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். நான் பிறந்ததை ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களாகவே பதிந்தார்கள். பெயரை அப்புறம் வந்து சேர்க்கச் சொன்னார்கள். யாரும் போகவில்லை.

“எனக்குன்னு ஒரு பேர் வைக்கத் தோணலயா?”

“வைக்கணும்னுதான் இருந்தோம். மூணாவது மாசம் ஒருநாள் வாய்தவறி அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். நீ திரும்பிப் பாத்த. அதோட விட்டுட்டேன்.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தப் பெயருக்கு இருந்த தாளைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். பத்து வருடமும் வகுப்பிலேயே நான்தான் குள்ளம். பிரேயருக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். வீட்டில் கஞ்சி ஊற்றுவதில்லையா என்று வாத்தியார் கேட்பார். நான் என்னைவிட இருபத்தொரு மாதம் மூத்தவர்களோடு முட்டி மோதிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் வந்தது அந்தக் கோபம்தான். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

சின்ன வயசில் அடம் பிடித்தால், “உன்னையத் தவிட்டுக்குல்ல வாங்குனோம்” என்று அம்மா சீண்டுவாள். எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அப்படித்தான் சீண்டுவார்கள், நானும் சிரிப்பேன். அது கேலி இல்லை என்று இப்போது சொன்னாள். நான் பிறந்த பதினோராம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கையில் என்னைக் கொடுத்து, ஒரு முறம் தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். இந்த வீட்டுப் பிள்ளை தங்காது, வேறு வீட்டுப் பிள்ளை என்றால் தங்கும் என்று கணக்கு.

“ஒம்பது மாசத்துல நடந்தேன்னு சொல்லுவியே?”

அம்மா அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள். “அது அவன்.”

“ஜீப் சத்தம் கேட்டா ஓடிவந்து உன் சேலைக்குள்ள ஒளிஞ்சுக்குவேன்னு சொல்லுவியே?”

“அது நீதான். இல்ல, அவனோ என்னவோ. எனக்கே கலந்து போச்சுய்யா.”

இடது கணுக்காலுக்கு மேலே எனக்கு ஒரு தழும்பு உண்டு, நாலணாக் காசு அளவுக்கு. குழந்தையில் எனக்கு இழுப்பு வந்ததாகவும், மஞ்சளைச் சுட்டுச் சூடு வைத்ததாகவும் சொல்லித்தான் வளர்த்தார்கள். லுங்கியைத் தூக்கி அதைக் காட்டினேன். அது ஒன்றாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“இழுப்பு வந்தது அவனுக்கு,” என்றாள். “உனக்கு ஒரு இழுப்பும் வரல. நானாத்தான் வச்சேன். அதே கால்ல, அதே எடத்துல.”

“எதுக்கு?”

“வர்றது அடையாளம் பாக்கும்ல? காலப் பாத்துட்டு, இவனத்தான் போன தடவையே கொண்டுபோயிட்டமேன்னு திரும்பிப் போயிரணும். அதுக்குத்தான்.”

எது வரும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழுகிற பச்சைப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, சுட்ட மஞ்சளோடு சரியான இடம் தேடியிருக்கிறாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற தாயிடம் அப்படிப் பயப்பட நேர்ந்ததற்கு அழுகையும் வந்தது. உரித்த கிழங்கை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

மேக்ஃபைலைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. அழி என்ற வரியைத் திரும்பப் போட்டேன், பெயரைத் திரும்ப எழுதினேன், கட்டினேன். ஸ்டோருக்குப் போனால் பதினேழு டிகிரி என்று ஒழுங்காகக் காட்டியது. என் விஷயத்தில் அந்த வரியை எங்கே போடுவது என்று தெரியவில்லை. பட்டப்படிப்பு, வங்கி, ஆதார் எல்லாம் அவன் பெயரில், அவன் தேதியில் இருந்தன. பேசாமல் அவன் சான்றிதழையே கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கியிருக்கலாம். ஆனால் ராத்திரி பகலாக அந்தக் காலிக் கட்டம் கண்ணில் நின்றது. அதில் ஒரு பெயர் ஏற வேண்டும், அது நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு முதலில் அவன் இறந்ததைப் பதிய வேண்டும். அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு நாள் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, “வா, போவம்” என்றாள்.

ஜீப்பில் டவுனுக்கு இறங்கினோம். அங்கே விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கோட்டயம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு சேச்சி நடத்துகிறார். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுவார். நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பதிவுகளையும் திரையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“சேட்டா, ஒரு காரியம் சொல்லட்டா? பெரிய ஆளு மரிச்சதுன்னு எழுதினா உங்க ஆதார், சர்ட்டிபிகேட் எல்லாம் செத்த ஆளோடதாகும். கோர்ட்டு, கேஸுன்னு ஆயுசு போகும். அதுக்குப் பதிலா, பேரில்லாத ரெண்டாவது குட்டி மரிச்சதுன்னு எழுதிக் கொடுத்தா தீர்ந்துச்சு. அதுதான் எளுப்பம்.”

எனக்குக் காது சுட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்படியே எழுதும்மா,” என்றாள். “சின்னவன்தான்.”

“அம்மா!” என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. சேச்சி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெற்றவள் சொல்லுக்கு மேலே என்ன என்பதுபோல் தட்டச்சைத் தொடங்கினார்.

“எந்தா அசுகம்?”

“காய்ச்சல்.” அம்மா தடையே இல்லாமல் சொன்னாள். “ஐப்பசி மாசம். தீவாளி கழிஞ்சு நாலாம் நாள், வெள்ளிக்கிழம. விடிய விடிய மழ. வெயில் பாக்காமலே கொண்டு போனோம்.”

சேச்சி வருடத்தைக் கேட்டார். சொன்னாள். பழைய காலண்டரைத் திரையில் எடுத்துத் தேதியைக் கண்டுபிடித்து அடித்தார். பிறகு கை நின்றது. பிறந்த தேதியை ஒருமுறை பார்த்தார், இறந்த தேதியை ஒருமுறை பார்த்தார்.

“அம்மே, இது சரியாவாது. வயசு மைனஸ்ல வருது. இந்தத் தேதிக்கு இந்தக் குட்டி ஜனிச்சிட்டே இல்லல்லோ. மூணு மாசம் கழிச்சுத்தானே பிறந்திருக்கு?”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. இன்னொரு முறை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. வீட்டில் எதையோ எங்கே வைத்தோம் என்று மறந்துபோனால் என்னிடம் கேட்பாளே, அந்த முகம்.

“அப்ப நீ எப்பய்யா செத்த?” என்று கேட்டாள்.