பாலில் கலந்த மருந்து

காலையில் ஆய்வகத்துக்குப் பஸ் பிடிக்கும் முன் என் மகளுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்தாக வேண்டும். பாஸ்பேட் கரைசல், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அவளுக்கு அப்போது நாலு வயது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டை அவள் சிறுநீரகம் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். கால்கள் இரண்டும் வில்லாக வளைந்துகொண்டே போயின.

வேடிக்கை என்னவென்றால், என் ஆராய்ச்சியே அதுதான். சிறுநீரில் போகிற பாஸ்பேட்டை மீட்டு உள்ளே இழுக்கும் ஒரு புரதம், அதன் மரபணு. அந்த மரபணு எத்தனை துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, எந்த ஹார்மோன் வந்தால் அந்தப் புரதம் செல்லின் விளிம்பை விட்டு உள்ளே போய்விடும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவளைப் போன்ற குழந்தைகளுக்கு எலும்பிலிருந்தே ஒரு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து அந்தப் புரதத்தை அடக்குகிறது என்று அப்போதுதான் கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்தன. படித்துவிட்டு அழுதேன். தெரிந்து என்ன பயன்?

கரைசலை நீட்டினால், "வேண்டாம்மா, உப்புக் கரிக்கறது" என்று வாயை இறுக மூடிக்கொள்வாள். வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் வீட்டில் எந்த மருந்தும் பாலோடுதான் உள்ளே போகும். மருந்துச் சூடு தெரியாது என்பார்கள். எலும்புக்கும் நல்லதாயிற்றே என்று நானும் சர்க்கரை போட்டுப் பாலில் கலந்து கொடுத்தேன். சமத்தாகக் குடித்தாள்.

எட்டு மாதம் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்த மலையாளி டாக்டர் முகம் சுளித்தார்.

"மருந்து எதில கொடுக்குது?"

"பால்ல."

"அய்யோ, பால்ல கொடுக்கவே பாடில்ல, கூடாது. பால்ல உள்ள கால்சியம் இதைப் பிடிச்சு வெச்சுக்கும். குடல் எடுக்காது, கேட்டோ. யாரும் சொல்லலையா?"

யார் சொல்ல வேண்டும்? கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் சோதனைக் குழாயின் அடியில் வெள்ளையாகப் படியும் என்று நானே மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். சிறுநீரகத்தையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்குக் குடல் என்று ஒன்று இருப்பது மறந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து தண்ணீரில். இனி கால் நிமிருமா, கத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு டாக்டர், "நோக்கலாம்" என்றார். ஆய்வகத்திலும் அதற்குப் பதில் இல்லை. என்னால் முடிந்ததெல்லாம் அவள் மூக்கைப் பிடித்து ஊற்றுவதுதான்.

பாதியைத் துப்பிவிட்டு அவள் கேட்டாள்: "பால்ல குடுத்தப்போ ஒரு சொட்டு விடாம குடிச்சேனே அம்மா. பின்னே ஏன் கால் இன்னும் வளைஞ்சுது?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எனக்கு முழுசாகத் தெரியும். துப்பிய பாதிக்கு மறுபடியும் தண்ணீரில் மருந்தை அளந்தேன்.