எலுமிச்சம்பழம் நசியாத கரவான்

இன்று மகனோடும் பேத்தியோடும் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள செவ்ரானுக்குக் கரவான் பார்க்கப் போனேன். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற வீடு என்று மகன் சொன்னான். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் இருக்கு.

வாங்க முன் கேட்கவென்று இருபது கேள்வி எழுதி வந்தான். கூரை ஒழுகுமா, கக்கூஸ் எப்படி. விற்கிற வெள்ளைக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மகன் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தான்.

"பொறு தம்பி. இது வீடோ, வாகனமோ?"

"ஏனம்மா?"

"வீடென்றால் பால் காய்ச்ச வேணும். வாகனமென்றால் எலுமிச்சம்பழம் நசிக்க வேணும்."

பேத்தி வெள்ளைக்காரரிடம் பிரெஞ்சில் கேட்டாள். "ரெண்டும்தானாம், அப்பம்மா."

லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கின நாலு எலுமிச்சம்பழம் பையில் இருந்தது. நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தேன்.

"எங்கட காரைக் கொளுவி ஒருக்கா இழு. பழம் நசிந்தால்தான் கையெழுத்து."

பேத்தி அதையும் பிரெஞ்சில் சொல்ல, வெள்ளைக்காரர் எங்கள் சின்னக் காரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். இந்தக் கரவானின் கொளுக்கி காருக்குப் பொருந்தாதாம்; பின்பக்கம் திறந்த லொறி இருந்தால்தான் அதன் தட்டில் இதைக் கொளுவலாமாம்.

இருபது கேள்வியிலும் அது இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கேட்டது இருபத்தோராவது. மகன் பேனையை மெல்ல மூடினான்.

நாலு பழமும் நசியாமல் என்னோடு திரும்பி வந்திட்டுது. ஊறுகாய் போடவோ, அவன் லொறி வாங்குமட்டும் வைத்திருக்கவோ? சொல்லுங்கோ.